ஓட்டுப் பெட்டியில் பிறக்காதவர்களுக்கு இடமுண்டா? – பர்க், மேஸ்த்ர், மரபுவாதிகளின் ஜனநாயக விமரிசனம்

ஏரிக்கரை எழுதியது:

நம் மன்றத்தில் ஜனநாயகத்தைத் திட்டும் இழைகளுக்குப் பஞ்சமில்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாள் ஒருவர் "படிச்சவனுக்கு மட்டும்தான் ஓட்டு கொடுக்கணும்" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் "அப்போ உனக்கு ராஜா வேணுமா?" என்பார். நாலு பக்கம் வசவு ஓடி, இழை பூட்டப்படும். நான் பேச வருவது அதையல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலம் தொட்டு, மரபின் பக்கம் நின்று ஜனநாயகத்தையும் தாராளவாதத்தையும் கேள்வி கேட்ட ஒரு சிந்தனை வரிசை இருக்கிறது. அதன் பலவீனமான ஆட்களை அடித்துப்போடுவது சுலபம். பலமான ஆளை எடுத்துக்கொண்டு பேசிப் பார்ப்போம். என் பார்வையில் அவர் 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்.

பர்க் என்றால் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சி பற்றி அவர் எழுதிய நூலைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நான் அதற்கு ஐந்து வருஷம் முன்னால் போகிறேன். 1785 பிப்ரவரி 28, லண்டன் பாராளுமன்றம். பேச்சின் பொருள் ஆற்காட்டு நவாபின் கடன்கள். நவாப் முகமது அலி வாலாஜா, சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கடுவட்டிக்குக் கடன் வாங்கிக் குவித்திருந்தார். அதில் எது நிஜக் கடன், எது எழுதிவைத்த கடன் என்று யாருக்கும் தெரியாது. பிரதமர் பிட்டின் அரசாங்கம் விசாரணை இல்லாமலே, கர்நாடக ராஜ்ஜியத்து (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி) நிலவரியிலிருந்து அதை அடைக்கச் சொல்லிவிட்டது. அதாவது நம் குடியானவன் களத்து நெல்லிலிருந்து. பர்க் கொதித்துப்போய்ப் பேசினார்.

அந்தப் பேச்சின் நடுவில் ஓர் இடம் வருகிறது. கம்பெனிக்காக பர்னார்டு என்பவர் அளந்து வரைந்த செங்கல்பட்டு ஜாகீரின் (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதி) வரைபடம் பர்க்கிடம் இருந்தது. உட்கார்ந்து அதிலிருக்கும் ஏரிகளை எண்ணியிருக்கிறார். 1,100-க்கு மேல் வந்தது. இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை. மண்ணும் கல்லும் கொண்ட கரை, கெட்டியாகக் கட்டிய மதகு, இவற்றைப் பராமரிக்க ஆகும் பெருஞ்செலவு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இவற்றை வெட்டியவர்களே நிஜமான அரசர்கள், குடிகளுக்குத் தகப்பன்மார் என்கிறார். தங்களுக்குப் பின் வரப்போகிற முகம் தெரியாத சந்ததியைத் தங்கள் சொந்த வாரிசாக வரித்துக்கொண்டு, ஆயுசு முடிந்த பின்னும் நல்லது செய்துகொண்டே இருக்கவேண்டும் என்ற தீராத ஆசை கொண்டவர்கள் என்கிறார். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத மனிதர்!

1790-இல் அவர் சொன்ன புகழ்பெற்ற வாசகத்தின் வித்து இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். சமூகம் என்பது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இல்லை. செத்தவர்கள், இருப்பவர்கள், பிறக்கப்போகிறவர்கள் என மூவரும் சேர்ந்த கூட்டு என்றார். ஜனநாயகத்தின் மேல் மரபுவாதி வைக்கும் முதல் குற்றச்சாட்டு இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஓட்டு என்பது, அன்றைய தேதியில் உயிரோடு இருந்து, பட்டியலில் பெயரும் உள்ளவர்களை மட்டுமே எண்ணும் கருவி. ஏரியை வெட்டியவனுக்கு அதில் குரல் இல்லை. நாளைக்கு அதில் தண்ணீர் குடிக்க வேண்டிய குழந்தைக்கும் இல்லை. நடுவில் நிற்கிற நாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கைதூக்கி அதைப் பட்டா போட்டுக்கொள்ளலாம்.

தாராளவாதத்தின் மேல் அவர்கள் சொல்வதும் இதன் நீட்சிதான். நான் சம்மதித்தது மட்டுமே என்னைக் கட்டும் என்பது தாராளவாதம். ஆனால் என் தாய்மொழிக்கு நான் சம்மதம் தரவில்லை, என் பெற்றோருக்குத் தரவில்லை, என் ஊருக்குத் தரவில்லை. என்னை மனுஷனாக்கிய எதுவும் என் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை.

எனக்கு இந்த வாதம் பலமாகப் படுகிறது. இதில் ஓட்டை இருந்தால் எங்கே என்று காட்டுங்கள்.

---

சட்டமேசை எழுதியது:

அருமையான தொடக்கம் ஐயா. எதிர்த்தரப்பையும் அதே மரியாதையோடு வைக்கிறேன்.

பர்க் நூலுக்கு 1791-இல் தாமஸ் பெயின் பதில் எழுதினார். கல்லறைக்குள் போன பிறகும் ஆளவேண்டும் என்ற ஆசையைவிடத் திமிரான கொடுங்கோன்மை வேறில்லை என்பது அவர் கட்சி. மனிதனுக்கு மனிதன் சொத்தாக முடியாது. அதுபோலவே ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறையும் சொத்தாகாது.

பெயினுக்கும் முன்னால், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் இதைக் கணக்காகவே போட்டுவிட்டார். 1789 செப்டம்பர் 6-ஆம் தேதி பாரிசிலிருந்து மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடு இருப்பவர்களின் அனுபோகத்துக்கு உரியது, இறந்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது என்கிறார். ஒரு தலைமுறையின் காலம் 19 வருஷம் என்று கணக்கிட்டு, எந்தச் சட்டமும் எந்தப் பொதுக்கடனும் அதற்குமேல் செல்லக்கூடாது என்றும் எழுதுகிறார். கடன் என்பதைக் கவனியுங்கள். அப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை தலையில் கட்டாதே என்பதுதான் அவர் கவலை. ஆற்காட்டுக் கடனை எதிர்த்த பர்க்குக்கும் அதே கவலைதானே? எதிரெதிர்க் கரையில் நிற்கிற இருவரும் ஒரே இடத்தில் கால் நனைக்கிறார்கள். (உயிரோடு இருப்பவர்களுக்கே பூமி என்று எழுதிய ஜெஃபர்சன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.)

இது நம் அரசியல் நிர்ணய சபைக்கும் வந்திருக்கிறது. 1949 நவம்பர் 25-ஆம் தேதி உரையில், அரசியல் சட்டத்தைத் திருத்தும் வழியை ஏன் கடுமையாக்கவில்லை என்பதை விளக்கும்போது அம்பேத்கர் இந்த ஜெஃபர்சன் கருத்தைத்தான் மேற்கோள் காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தனித் தேசம் மாதிரி. அது தன்னைக் கட்டிக்கொள்ளலாம், அடுத்ததைக் கட்டக்கூடாது. பர்க் சொல்லும் கூட்டுக்கு நேர் எதிரான கொள்கை நம் அரசியல் சட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

---

பனித்துளி எழுதியது:

பர்க்கை மட்டும் வைத்து மரபுவாதத்தை எடைபோட்டால் அது ரொம்ப இனிப்பாகத் தெரியும். ஜோசப் தெ மேஸ்த்ரையும் பக்கத்தில் வைக்கவேண்டும்.

சவாய் நாட்டின் ஷாம்பெரியில் 1753-இல் பிறந்தவர். நீதிமன்ற வேலை. 1792-இல் புரட்சிப்படை ஊருக்குள் வந்ததும் சொத்தையும் வீட்டையும் விட்டு ஓடினார். பிறகு சார்டினியா அரசரின் தூதராக பீட்டர்ஸ்பர்கில் 1803 முதல் 1817 வரை, பெரும்பகுதி குடும்பத்தைப் பிரிந்து, கையில் காசில்லாமல் இருந்தார். அவர் எழுத்தின் கசப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் வாதம் வேறு. அரசியல் சட்டத்தை மனிதர்கள் உட்கார்ந்து பேசி எழுதிவிட முடியாது; வேரிலிருந்து வளராத எதுவும் நிற்காது; காகிதத்தில் எழுதிய அன்றே அது பலவீனப்பட்டுவிட்டது என்றார். பிரெஞ்சுச் சட்டம் "மனிதன்" என்ற பொதுப்பெயருக்காக எழுதப்பட்டதாம். பிரெஞ்சுக்காரரைப் பார்த்திருக்கிறேன், இத்தாலியரை, ரஷ்யரைப் பார்த்திருக்கிறேன், மனிதன் என்று ஒருவரை வாழ்நாளில் சந்தித்ததில்லை என்று எழுதினார்.

இதில் ஒரு சோதனைக்கும் அவர் தயாரானார். அமெரிக்கர்கள் தலைநகர் ஒன்றைப் புதிதாகக் கட்டப்போகிறோம், பெயரும் வைத்துவிட்டோம் என்று அறிவித்திருந்த நேரம். இதில் மனித யோசனை அளவுக்கு மீறி இருக்கிறது. அந்த நகரம் கட்டப்படாது, அல்லது வாஷிங்டன் என்று பெயர் பெறாது, அல்லது காங்கிரஸ் அங்கே கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று பந்தயம் கட்டலாம் என்றார். இதை எழுதிய நூல் அச்சேறிய சில வருஷத்துக்குள், 1800 நவம்பரில் காங்கிரஸ் வாஷிங்டனில் கூடியது.

எழுதி வைத்த சட்டம் நிற்கும் என்பதற்கு இது போதுமான சாட்சி. ஆனால் அவர் கேள்வி முழுசாகச் சாகவில்லை. அம்பேத்கரே 1948 நவம்பர் 4-ஆம் தேதி உரையில், அரசியல் சட்ட ஒழுக்கம் என்பது இயல்பாக வருவதில்லை, வளர்த்தெடுக்க வேண்டியது. ஜனநாயகம் இந்திய மண்ணில் மேலே தூவிய உரம் மட்டுமே, மண்ணோ அடிப்படையில் ஜனநாயகத் தன்மை இல்லாதது என்றார். காகிதம் போதாது, பழக்கம் வேண்டும் என்பதில் மேஸ்த்ரும் அம்பேத்கரும் ஒத்துப்போகிறார்கள். மேஸ்த்ர் அந்தப் பழைய மண்ணை வணங்கச் சொன்னார். அம்பேத்கர் அதை உழச் சொன்னார்.

அதிகாரம் பற்றிய இடத்தில்தான் பர்க்கும் மேஸ்த்ரும் பிரிகிறார்கள். மேஸ்த்ருக்கு இறுதி அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டது. மேல்முறையீடு ஓரிடத்தில் நின்றாகவேண்டும், அந்த இடம் தவறு செய்யாது என்று வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்பார். பர்க் அப்படிச் சொல்லவே இல்லை. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

---

கருவேலங்காடு எழுதியது:

ஏரிக்கரை அண்ணா, நீங்கள் எடுத்த அந்தச் செங்கல்பட்டு வரைபடத்துக்கே வருகிறேன்.

1,100 ஏரி என்று எண்ணினார், சரி. ஏரியை வெட்டியது யார்? அரசன் என்று பர்க் சொல்கிறார், நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். மண் சுமந்தது எங்கள் ஆட்கள். கரை உடையும் ராத்திரி மண்ணோடு மண்ணாகப் படுத்து அடைத்தது எங்கள் ஆட்கள். மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டி பல ஊர்களில் சேரிக்காரன். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் ஒரு குழிகூட அவன் பெயரில் கிடையாது.

நான் சும்மா உணர்ச்சியில் சொல்லவில்லை. அதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதைப் படித்துப்பாருங்கள். மிராசுதாரருக்கு (ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவர்) ஊர்ப் புறம்போக்கின் மேலும் முன்னுரிமை. சேரி ஆள் தரிசு நிலத்துக்கு மனு போட்டால், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மிராசுதார் குறுக்கே வரலாம். குடியிருக்கும் மனைகூட மிராசுதார் தயவு. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். இந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்றைக்குப் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான்.

மிராசு என்பது என்ன? பரம்பரை பாத்தியதை. பர்க் போற்றும் "தொன்றுதொட்டு வந்த உரிமை" சுத்தமான வடிவத்தில். செத்தவர், இருப்பவர், பிறப்பவர் மூவருக்கும் கூட்டு என்கிறீர்களே, அந்தக் கூட்டின் பத்திரத்தில் எங்கள் பாட்டன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கூட்டாளி பக்கத்திலா, சொத்துப் பட்டியலிலா?

சம்மதம் பற்றி எழுதியிருந்தீர்கள். தாய்மொழிக்கு யார் சம்மதித்தார் என்று கேட்பது அழகாக இருக்கிறது. சாதிக்கும் நான் சம்மதிக்கவில்லை. சம்மதம் என்ற சொல்லைத் தாராளவாதம் தூக்கிப் பிடித்ததால்தான் "எனக்கு இது வேண்டாம்" என்று என் அப்பா சொல்ல முடிந்தது.

---

ஏரிக்கரை எழுதியது:

தம்பி, ட்ரெமென்ஹீர் அறிக்கையைக் கொண்டுவந்தது இந்த இழைக்குப் பெரிய பலம். அதில் ஒரு வரியையும் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் வாதத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். "உயிரோடு இருப்பவர்கள் முழு உரிமையாளர்கள் அல்ல, காப்பாளர்கள்" என்பது ஒன்று. "ஆகவே பரம்பரை பாத்தியதை உள்ளவனே ஆளவேண்டும்" என்பது வேறொன்று. நீங்கள் உடைத்திருப்பது இரண்டாவதை. முதலாவது அப்படியே நிற்கிறது.

களத்தில் நெல் அளந்த பழைய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வாரம் (அரசின் பங்கு), குடிவாரம் (உழுதவன் பங்கு) பிரிக்குமுன் பொலியிலிருந்து, அதாவது களத்து நெற்குவியலிலிருந்து, மேரை என்ற பங்கை எடுப்பார்கள். கோயிலுக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான், நீர்க்கட்டி ஆளுக்கு இத்தனை மரக்கால் என்று. அந்தப் பங்கு அநியாயமானது, கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போனது, உண்மை. ஆனால் ஏரிப் பராமரிப்புக்கு என்று ஒரு பங்கு, யாரும் தின்னக் கை வைக்குமுன், அந்தக் களத்திலேயே ஒதுங்கியது. இன்றைக்கு எந்தச் சட்டமன்றத்தின் பட்ஜெட்டில் அப்படி முதலில் ஒதுங்குகிறது?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்று அரசுக் கணக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் வரத்துக் கால்வாயின் மேல் வீட்டுமனை போட்டு விற்றார்கள். ஆட்சேபித்த எங்களிடம், வாங்கியவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது என்று பதில் வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழியாகத் தண்ணீர் போய்ப் பல வருஷமாகிறது. பெரும்பான்மைக்கு இதில் வருத்தமே இல்லை. வருத்தப்படவேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

---

கருவேலங்காடு எழுதியது:

அந்த மேரைக்குப் பின்னால் சாட்டையும் இருந்தது அண்ணா. குடிமராமத்து என்று இன்றைக்கு மேடையில் உருகிப் பேசுகிறார்களே, அது எல்லோரும் மனமுவந்து செய்த ஊர்ப்பணி என்றால் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு வந்தது? ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால் ஆட்களைக் கட்டாயமாக இழுத்துப் போகலாம், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவனிடம் தண்டம் வாங்கலாம் என்று எழுதிய சட்டம் அது. வராமல் இருந்தவன் சோம்பேறி என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். நிலமில்லாதவன் யாருடைய ஏரிக்காக மண் சுமக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வரத்துக் கால்வாயை விற்றவர் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் பக்கத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் அதைத் தட்டிக் கேட்க வழி எது? தகவல் உரிமை மனு, நீதிமன்றம், கிராம சபை. எல்லாமே நீங்கள் குறை சொல்லும் ஏற்பாடு கொடுத்ததுதான். மிராசுதார் விற்றிருந்தால் நான் யாரிடம் போயிருப்பேன்?

---

வடமராட்சி எழுதியது:

வணக்கம். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும், ஏனென்றால் இந்த வாதம் வாக்குரிமை வந்த நேரத்திலேயே எங்களிடம் நேருக்கு நேர் நடந்தது.

டொனமூர் ஆணைக்குழு 1927-இல் இலங்கைக்கு வந்து, பிறகு சர்வஜன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். படித்தவர், சைவத்தில் ஊறியவர், கல்லூரிகள் கட்டியவர். எல்லாருக்கும் வாக்குக் குடுத்தால் சமூகத்தின் ஒழுங்கு குலையும் என்பது அவர் நிலைப்பாடு. 1930-இல் லண்டனுக்கே போய் முறையிட்டார். அந்த வருசமே இறந்தார். 1931-இல் சாதி பார்க்காமல், ஆண் பெண் பார்க்காமல் 21 வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வந்தது. இங்கிலாந்தில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வாக்குக் கிடைத்தது 1928-இல் தான் எண்டால் யோசித்துப் பாருங்கோ.

இராமநாதனின் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமியின் மகன் தான் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்து, பொஸ்ரன் கலைக்கூடத்தில் இருந்து எழுதினவர். அவர் 1942-இல் இந்திய அரசு முறையில் ஆன்மீக அதிகாரமும் உலகியல் ஆட்சியும் பற்றி எழுதினது இந்த வரிசையில் முக்கியமான நூல். அரசன் தன் விருப்பத்தை நடத்துகிறவன் இல்லை. தனக்கு மேலே உள்ள ஆன்மீக அதிகாரத்துக்கு அவன் மனைவி போல. தன்னை ஆளத்தெரியாதவன் பிறரை ஆளமுடியாது என்பது அதன் சாரம். ஜனநாயகத்தில் அதிகாரம் கீழிருந்து மேலே போகுது, அதனால் அதைக் கட்டுப்படுத்த மேலே ஒன்றுமில்லை என்று இந்த வரிசை ஆட்கள் சொல்லுவினம்.

இப்ப நான் இரண்டு பக்கமும் இழுபடுகிற இடத்துக்கு வாறன். இராமநாதன் வென்றிருந்தால் எங்கட ஊரில் அரைவாசிச் சனத்துக்கு வாக்கே இருந்திராது. கோயில் வாசலில் மறித்தவர்களே வாக்குச் சாவடியிலும் மறித்திருப்பினம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அதே வாக்கு என்ன செய்தது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கினது. பாராளுமன்றப் பெரும்பான்மை. 1956-இல் தனிச்சிங்களச் சட்டம், அதுவும் பெரும்பான்மை. சுதந்திரம் வந்தபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பில், ஒரு இனத்தையோ மதத்தையோ பாகுபடுத்திச் சட்டம் போடக்கூடாது எண்டு 29(2) என்று ஒரு காப்பு எழுதி வைத்திருந்தவை. மலையகத் தமிழரின் வழக்கு 1953-இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வரை போய், அந்தக் காப்பு ஒன்றும் செய்யேல்லை என்று முடிந்தது.

அதனால் கருவேலங்காடு தம்பிக்குச் சொல்லுறன், பெரும்பான்மைக்கு மேலே ஒன்று இருக்கவேணும் என்ற மரபுவாதியின் பயம் பழைய ஆண்டைகளின் பயம் மட்டும் இல்லை. வாக்கால் வீடு இழந்தவனின் பயமும் அதுதான்.

---

சட்டமேசை எழுதியது:

வடமராட்சி அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பெரும்பான்மைக்கு மேலே ஒன்று வேண்டும் என்பதற்கு இந்தியாவில் கிடைத்த பதில் உச்ச நீதிமன்றத்தின் 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையாலும் தொடமுடியாது. அதாவது 1949-இல் அம்பேத்கர் எடுத்துக்காட்டிய ஜெஃபர்சன் கொள்கைக்கு நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது. அந்தத் தீர்ப்பில் பர்க்கின் நிழல் இருப்பதாகவே நான் பார்க்கிறேன்.

இன்னொன்று, பர்க் 1774 நவம்பர் 3-இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பேசியது. உறுப்பினர் உங்கள் தூதுவர் அல்ல, தன் சொந்த அறிவையும் மனசாட்சியையும் உங்களுக்குக் கடன்பட்டவர். பாராளுமன்றம் பேசி முடிவெடுக்கும் சபை என்றார். 1920-களில் ஜெர்மனியில் கார்ல் ஷ்மிட் என்ற சட்ட அறிஞர் இதைத் திருப்பிப் போட்டார். பேசி முடிவெடுக்கும் சபை என்பதே இப்போது கிடையாது, முடிவு கட்சி அறைகளில் எடுக்கப்படுகிறது, சபை வெறும் முகப்பு என்றார். நம் 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்ற நிலையில், அந்த விமரிசனம் சுடுகிறது. ஆனால் ஷ்மிட் அடுத்து எங்கே போனார் என்று பார்க்கவேண்டும். 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நோயைச் சரியாகச் சொன்னவர் கொடுத்த மருந்து அது.

---

மதுராந்தகம்காரன் எழுதியது:

பலநாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், இதற்காக உள்ளே வந்தேன். பரம்பரை ஆட்சி, ஓட்டு இரண்டும் இல்லாத மூன்றாவது வழி அதே ஜில்லாவில் கல்லில் வெட்டியிருக்கிறது. உத்திரமேரூர், முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டின் முதல் பாதி. 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. அப்படி அமைந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஒரு வருஷப் பதவி. மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரமுடியாது. கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரனும் வரமுடியாது!

தகுதியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கருவேலங்காடு கேட்பார். இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி. பிராமணர்களின் சபை அது. ஊர் முழுசும் அந்தக் குடத்துக்குள் இல்லை.

---

பனித்துளி எழுதியது:

விட்ட இடத்துக்கு வருகிறேன். மதுராந்தகம்காரர் சொன்ன "கணக்குக் காட்டாதவன்" என்பதுதான் எனக்கும் வேண்டிய இடம்.

1783 டிசம்பர் 1, கம்பெனி ஆட்சியைக் கட்டுப்படுத்த ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்திய மசோதாவை ஆதரித்து பர்க் பேசியது. மனிதர்மேல் மனிதருக்கு உள்ள அதிகாரம் எதுவானாலும் அது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, பொறுப்பு என்றாலே கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்கிறார். மேஸ்த்ரிடம் இது கிடையாது. பர்க்கின் அத்தனை பெருமையும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பேன்.

சரி, யாரிடம் கணக்கு? கர்நாடகத்து ஏரிகளை நாசமாக்கியவர்கள் லண்டன் பாராளுமன்றத்திடம் காட்டவேண்டும் என்றார். அந்தப் பாராளுமன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் தலையானவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சை ராஜாவிடமிருந்து பிடுங்கிய நாட்டின் விளைச்சலை நவாப் தனக்கு அடமானம் எழுதிக்கொடுத்தார் என்று உரிமை கோரியவர். தஞ்சையை ராஜாவிடமே திருப்பிக் கொடுத்த சென்னைக் கவர்னர் பிகட்டை, அவருடைய சொந்தக் கவுன்சிலின் பெரும்பான்மை 1776 ஆகஸ்டில் கைது செய்தது. அடுத்த வருஷம் பிகட் காவலிலேயே இறந்தார். இந்த பென்ஃபீல்டு 1780-இல் இங்கிலாந்தில் கிரிக்லேடு தொகுதி உறுப்பினர். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் பாராளுமன்றத்துக்குள் கொண்டுவந்தார் என்று 1785 உரையில் பர்க்கே குமுறுகிறார்.

எட்டுப் பேரை எப்படிக் கொண்டுவர முடிந்தது? விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் உள்ள, காசுக்கு வாங்கக்கூடிய பழைய தொகுதிகள் இருந்ததால். அந்தத் தொகுதிகளைச் சீர்திருத்த 1782-இல் பிட் தீர்மானம் கொண்டுவந்தபோது எதிர்த்து நின்றவர் பர்க். பல நூற்றாண்டாக வந்த அமைப்பு, கை வைக்காதீர்கள் என்றார். அவரே 1780 முதல் மால்டன் என்ற, ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதியின் உறுப்பினர்.

ஏரிக்கரை ஐயா, நீங்கள் கேட்ட ஓட்டை இங்கே இருக்கிறது. செங்கல்பட்டு ஏரிகளுக்காகக் கண்ணீர் விட்ட மனிதர், அந்த ஏரிகளை அழித்த பணம் எந்த வாசல் வழியாகப் பாராளுமன்றத்துக்குள் வந்ததோ அந்த வாசலை மரபு என்ற பெயரில் காவல் காத்தார். காப்பாளன் கணக்குக் காட்டவேண்டும் என்பது சரி. யாருடைய சொத்தைக் காக்கிறானோ அவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லையென்றால் அந்தக் கணக்கு ஒருநாளும் வராது. வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் 1788-இல் தொடங்கிய விசாரணையை பர்க் ஏழு வருஷம் நடத்தினார். 1795 ஏப்ரலில் ஹேஸ்டிங்ஸ் விடுதலை.

---

கருவேலங்காடு எழுதியது:

பனித்துளி அக்கா, இதைத்தான் நான் சொல்லத் திணறிக்கொண்டிருந்தேன். பத்திரத்தில் பெயர் இல்லாதவனுக்காக யார் அழுதாலும் அது தயவுதான்.

---

ஏரிக்கரை எழுதியது:

பனித்துளி, இந்தக் கோணத்தில் பர்க்கை நான் படித்ததில்லை. 1782-ஐயும் 1785-ஐயும் அருகருகே வைத்துவிட்டால், தொகுதிகளைப் பற்றி அவர் எடுத்த நிலைக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. கேட்கும் உரிமை உள்ளவன்தான் கணக்கு வாங்குவான் என்பதை ஏற்கிறேன். அது மிராசுதாருக்கும் பொருந்தும், மேஸ்த்ரின் தவறே செய்யாத அதிகாரத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அதே அளவுகோலால் பிறக்காதவர்களின் நிலை இன்னும் மோசமாகிறது என்பதையும் பாருங்கள். சேரிக்காரனுக்கு ஓட்டு கொடுக்க முடிந்தது, கொடுத்தோம், அவன் கேட்டான். மலையகத் தமிழனுக்கு, எவ்வளவோ தாமதமாக என்றாலும், குடியுரிமை திரும்பக் கிடைத்தது. பிறக்காதவனுக்கு எந்தச் சீர்திருத்தத்தாலும் ஓட்டு கொடுக்க முடியாது. அவன் கேள்வி கேட்க வரும்போது பதில் சொல்லவேண்டிய நாம் இருக்கமாட்டோம்.

இதற்கு ஜனநாயகத்துக்குள்ளேயே சிலர் முயன்றிருக்கிறார்கள். ஹங்கேரி 2008-இல் எதிர்காலத் தலைமுறைகளுக்கென்று தனி ஒம்புட்ஸ்மனை (மக்கள் குறைகேட்பு அதிகாரி) நியமித்தது. புது அரசியல் சட்டத்தோடு சில வருஷத்திலேயே அந்தத் தனிப் பதவி போய்விட்டது. வேல்ஸ் 2015-இல் வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்காகச் சட்டமே போட்டு, அதற்கு ஓர் ஆணையரையும் வைத்திருக்கிறது. பொது அமைப்புகள் எல்லாம் நீண்டகாலப் பாதிப்பைக் கணக்கில் எடுத்தாகவேண்டும். ஆணையர் ஆராயலாம், பரிந்துரைக்கலாம்.

---

சட்டமேசை எழுதியது:

பரிந்துரைக்கலாம், தடுக்க முடியாது ஐயா. தடை போடும் அதிகாரம் கொடுத்தால் அந்த ஆணையரைத் தேர்ந்தெடுப்பது யார், நீக்குவது யார் என்ற கேள்வி வரும். பிறக்காதவர்களின் பெயரால் பேசுகிறேன் என்று இருப்பவர்களை அடக்க அவர் கிளம்பினால்?

---

மதுராந்தகம்காரன் எழுதியது:

குடவோலை போடலாமே. ஏரிப் பாசனத்து ஊர் ஒவ்வொன்றிலும், நிலம் உள்ளவர், இல்லாதவர், ஆண், பெண், சேரி, ஊர் என்று எல்லாப் பெயரும் ஒரே குடத்தில். ஒரு வருஷப் பதவி, கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் நான்கின் மேலும் தடை போடும் அதிகாரம், அதற்குமேல் எதிலும் இல்லை. வருஷக் கடைசியில் கிராம சபையில் கணக்கு. காட்டாதவன் பெயரும் அவன் வீட்டார் பெயரும் மறுபடி குடத்துக்குள் போகாது.

---

கருவேலங்காடு எழுதியது:

எல்லாப் பெயரும் ஒரே குடத்தில் என்றால் நான் தயார். முதல் வருஷம் சீட்டு எடுக்கிற பிள்ளை எங்கள் தெருவிலிருந்து வரட்டும்.

---

வடமராட்சி எழுதியது:

ஒரு கேள்வி. அந்த வாரியம் தடை போட்டதை மேலிருக்கிற அரசாங்கம் ஒரு சட்டத்தால் நீக்கினால் எந்த நீதிமன்றம் நிற்கும்? 29(2) எங்களுக்குச் செய்ததை மறக்காமல் அதை முதலில் எழுதுங்கோ.